ஏற்காட்டில் ஒரு நாள், 60 நொடியில்: வீடியோ காட்சிக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஏற்காட்டில் ஒரு பழைய காபிக் கிடங்கில், நேரம் நம் அன்றாடத்தை எப்படி நடத்துகிறது என்பதைப் பற்றி நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு வீடியோ காட்சி வைத்திருக்கிறோம். மூன்று அறைகள், அவற்றை இணைக்கும் ஒரு நடை. வாசலில் கேட்கப்படும் கேள்விகளையும், பார்த்து முடித்தவர்கள் படியில் உட்கார்ந்து கேட்கும் கேள்விகளையும் பதிலோடு இங்கே தொகுத்திருக்கிறேன். வருவதற்கு முன் எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்றில்லை. எவ்வளவு நேரம் ஆகும், எப்படி வருவது என்ற இரண்டை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினாலே போதும். மற்றவை பார்த்த பிறகு படித்தால்தான் ருசிக்கும்.

இது சினிமாவா, டாக்குமெண்டரியா?

இரண்டும் இல்லை. இதில் கதை கிடையாது, நடிகர்கள் கிடையாது, பின்னணி இசையும் கிடையாது. காலையில் கதவைத் திறந்ததிலிருந்து மாலையில் மூடும்வரை திரைகள் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் நுழையும் நேரம்தான் உங்களுக்கு ஆரம்பம். நடந்து பார்க்கலாம், உட்கார்ந்து பார்க்கலாம், போன அறைக்கே திரும்பியும் வரலாம். அறையின் இருட்டு, கல் தரையின் குளிர், பக்கத்து அறையிலிருந்து கசியும் சத்தம் எல்லாம் சேர்ந்துதான் படைப்பு. அதனால்தான் இதை யூடியூபில் போடச் சொல்லிக் கேட்கிறவர்களிடம் மறுத்துவிடுகிறோம்.

முதல் அறையில் ஏற்காடு ஏரியின் ஒரு முழு நாள் 60 நொடியில் ஓடுகிறது. இரண்டாவது அறையில், சேலத்துக் கொலுசுப் பட்டறை ஒன்றில் ஒருவர் வேலை செய்வதை 48 நிமிடம் வெட்டே இல்லாமல் பார்க்கலாம். மூன்றாவது அறையில் நீங்கள் உங்களையே பார்ப்பீர்கள், 17 நிமிடம் தாமதமாக.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

முழுதாகப் பார்க்க ஒன்றேகால் மணி நேரம். ஒன்றரை மணி நேரம் இருந்தால் நிம்மதியாகப் பார்க்கலாம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே நாளில் படகு, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு இருட்டுவதற்குள் மலையிறங்க நினைக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இதையும் பத்து நிமிடத்துக்குச் செருகினால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. ஓவியத்தை ஒரு பார்வையில் ஓரளவு வாங்கிக்கொள்ளலாம். வீடியோவில் அது நடக்காது, அது தன் வேகத்தில்தான் வரும். நேரத்தைப் பற்றிய வீடியோ என்றால் இன்னும் கண்டிப்பு. பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் இன்னொரு நாள் வாருங்கள் என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறோம். அது உங்கள் நன்மைக்காகத்தான்.

எந்த நேரத்தில் வந்தால் நல்லது?

வார நாள் காலை. காட்சி 10 மணி முதல் மாலை 6 மணி வரை. செவ்வாய்க்கிழமை விடுமுறை. மே மாதக் கோடை விழாச் சமயத்திலும் ஞாயிறுகளிலும் மூன்றாவது அறையில் கூட்டம் சேரும். அது நிறையப் பேர் வந்து போனால் சுவைகூடும் அறைதான், ஆனால் இரண்டாவது அறைக்கு அமைதி வேண்டும். அப்புறம், ஒரு ஸ்வெட்டர் கொண்டு வாருங்கள். பழைய கிடங்கு, ஏற்காடோ கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம். கீழே சேலத்தில் வெயில் கொளுத்தும் நாளில்கூட உள்ளே ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் விரல்கள் சில்லிட்டுவிடும்.

முதல் அறையில் ஒரு நாள் ஏன் சரியாக 60 நொடி? அது தற்செயலா?

தற்செயல் இல்லை, கணக்கு. ஏரிக்கரையில் கேமராவை வைத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தோம். ஒரு நாளைக்கு 1440 நிமிடம், ஆகவே 1440 படம். சினிமாவில் நொடிக்கு 24 படம் ஓடும். 1440-ஐ 24-ஆல் வகுத்தால் 60 நொடி.

இதே கணக்கு நம் வீட்டுப் பஞ்சாங்கத்திலும் இருக்கிறது. ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு நாளுக்கு 60 நாழிகை. அதாவது நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து, நொடிக்கு 24 படம் என்று ஓட்டினால் திரையில் ஒவ்வொரு நொடியும் சரியாக ஒரு நாழிகை. பஞ்சாங்கம் நாளை அறுபதாக வெட்டுகிறது, கடிகாரம் நிமிடத்தை அறுபதாக வெட்டுகிறது, இரண்டும் ஒரு திரையில் பொருந்துகின்றன. இந்தக் கணக்கு கண்ணில் பட்ட பிறகுதான் மற்ற அறைகளின் திட்டமே உருவானது.

பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வீடியோ நள்ளிரவில் தொடங்குகிறது. ஏழாவது நொடியிலிருந்து பதினைந்தாவது நொடிக்குள், அதாவது விடியலுக்கு முன்பே, திரை முழுக்க வெள்ளையாகிவிடும். புரொஜக்டர் கெட்டுவிட்டதா என்று கேட்கிறார்கள். அது மூடுபனி. ஏரியும் கரையும் படகும் இருந்த இடம் தெரியாமல் போய், பிறகு ஓரத்திலிருந்து முதலில் மரக்கிளைகளும் கடைசியாகத் தண்ணீரும் திரும்பி வரும். கரையில் நின்று பார்த்தால் பனி கலைவது தெரியாது. நின்றது நின்றபடி இருக்கும், பார்த்தால் இல்லாமல் இருக்கும். வேகமாக ஓட்டினால்தான் அது தண்ணீர் மேல் அலைபோல ஏறி இறங்குவது தெரிகிறது.

ஏரிக்கரை மனிதர்கள் நொடியில் வந்து மறைகிறார்கள். ஆனால் கரையோரத்தில் ஒரு சோளக்கடை மட்டும் ஏறக்குறைய இருபது நொடி அசையாமல் நிற்கும். எட்டு மணி நேரம் ஒருவர் ஒரே இடத்தில் நின்று வியாபாரம் பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைக்கும்.

இரண்டாவது அறையில் ஒன்றுமே நடக்கவில்லையே?

நிறையப் பேர் கேட்பது இதைத்தான், எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

அந்த அறையில் 48 நிமிடம், அதாவது இரண்டு நாழிகை. ஒருவர் கொலுசுக் கண்ணிகளைப் பற்றவைக்கிறார், அவ்வளவுதான். கேமரா நகராது. முதல் மூன்று நான்கு நிமிடம் உங்களுக்கு அவர் முகம்தான் தெரியும். பிறகு கண் அலையும்: சுவர் காலண்டர், மின்விசிறி, வாசலில் கடக்கும் சைக்கிள். பெரும்பாலானவர்கள் எழுந்து போவது இந்தக் கட்டத்தில்தான். தயவுசெய்து போகாதீர்கள். பத்து நிமிடம் தாண்டியதும் கண் தானாக அவர் விரல்களில் போய் நிற்கும்.

அதன்பின் பார்ப்பதெல்லாம் வேறு. இடுக்கியால் ஒரு கண்ணியை எடுக்கிறார். வெங்காரம் தடவுகிறார். கண்ணிகளை ஒட்டவைக்கும் உலோகக் கலவையான பற்றாசை ஒரு மணியளவு வைக்கிறார். தீயை அதன்மேல் திருப்புகிறார். வெள்ளி 961 டிகிரி செல்சியஸில் உருகும், பற்றாசு அதற்கு முன்பே உருகி ஓடிவிடும். அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சின்ன இடைவெளியில் தீயை எடுத்துவிட வேண்டும். முன்னால் எடுத்தால் ஒட்டாது. கொஞ்சம் தாமதித்தால் கண்ணியே உருண்டு குண்டாகிவிடும். அவரிடம் கடிகாரமும் இல்லை, வெப்பமானியும் இல்லை. வெள்ளியின் நிறம் மாறுவதையும், பற்றாசு சட்டென்று பளபளத்து இடுக்கில் ஓடுவதையும் பார்த்துக் கையை விலக்குகிறார். அந்த ஒரு கணத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால், அடுத்த கண்ணியில் அது எப்போது வரும் என்று நீங்களும் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பீர்கள். அப்படிக் காத்திருக்கும்போது 48 நிமிடம் போவதே தெரியாது.

செவ்வாய்ப்பேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் இந்த வேலை வீட்டுக்கு வீடு நடக்கிறது. சேலத்துக் கொலுசு நாடெங்கும் போகிறது. கொலுசு வாங்கும்போது கிராம் கணக்கு கேட்கிறோம், செய்கூலி கேட்கிறோம். ஒரு கண்ணிக்கு எவ்வளவு நேரம் என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. அதைக் காட்ட அந்த நேரத்தை அப்படியே வைப்பதைத் தவிர வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை. மூன்று நிமிடமாகச் சுருக்கியிருந்தால் அழகான விளம்பரமாகியிருக்கும், அவருடைய நேரம் காணாமல் போயிருக்கும். மூன்று அறைகளில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

மூன்றாவது அறையில் ஏன் 17 நிமிடத் தாமதம்? பத்தோ இருபதோ ஏன் வைக்கவில்லை?

ஏனென்றால் நம் சூரியன் நம் கடிகாரத்துக்கு 17 நிமிடம் பின்னால் ஓடுகிறது.

இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 டிகிரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்தக் கோடு உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் அருகிலும், தெற்கே ஆந்திராவில் காக்கிநாடா அருகிலும் போகிறது. சேலமும் ஏற்காடும் சுமார் 78.2 டிகிரியில் இருக்கின்றன. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம் ஆகும். வித்தியாசம் 4.3 டிகிரி, ஆக 17 நிமிடம் சொச்சம். அதாவது காக்கிநாடா பக்கம் சூரியன் உச்சிக்கு வந்து 17 நிமிடம் கழித்துத்தான் நமக்கு உச்சி. கையிலுள்ள கடிகாரம் 12 என்று காட்டும்போது சேலத்து வானத்தில் இன்னும் முற்பகல்தான்.

இது வருடம் முழுக்க ஒரே அளவாகவும் இருக்காது. பூமியின் சாய்வாலும் நீள்வட்டப் பாதையாலும் சூரிய உச்சி முன்னும் பின்னும் நகரும். பிப்ரவரி நடுவில் சேலத்தில் உச்சி வெயில் 12:31 வாக்கில், நவம்பர் தொடக்கத்தில் 12:01 வாக்கில். சராசரிதான் 17.

ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் அதனதன் சூரிய நேரம்தான் இருந்தது. ரயில் வந்தபிறகு அது ஒத்துவரவில்லை, எல்லா ஸ்டேஷனுக்கும் பொதுவாக ஒரே நேரம் வேண்டியிருந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வுக் கூடத்தின் நேரத்தை, மெட்ராஸ் டைம் என்ற பெயரில் ரயில்கள் நாடெங்கும் பின்பற்றின. அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால். 1906 ஜனவரி 1 முதல் அந்த இடத்தில் இன்றைய 5 மணி 30 நிமிட நேரம் வந்தது. கல்கத்தாவும் பம்பாயும் அதன்பிறகும் பல வருடம் தங்கள் சொந்த நேரத்தை விடாமல் வைத்திருந்தன.

ஆகவே, காலையில் குழந்தையை எழுப்பும்போது அது இன்னும் இருட்டாயிருக்கிறது என்று சிணுங்கினால் அதன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஜனவரி கடைசியில் சேலத்தில் சூரிய உதயம் 6:40-ஐத் தாண்டும். மார்கழியில்தான் மிகத் தாமதமாக விடிகிறது என்று நினைக்கிறோம், உண்மையில் தை மாதத்தில்தான். பள்ளி வேன் தையிலும் வைகாசியிலும் ஒரே நேரத்துக்கு வருகிறது.

இந்த 17 நிமிடத்தை எண்ணாகச் சொன்னால் யாருக்கும் ஒட்டாது. ஒரு உடம்பின் மேல் வைத்துக் காட்ட வேண்டும் என்று நினைத்தோம். அறையில் ஒரு கேமரா, எதிரில் ஒரு திரை. நுழையும்போது திரையில் உங்களுக்கு முன் வந்தவர்கள்தான் தெரிவார்கள், நீங்கள் இருக்க மாட்டீர்கள். 17 நிமிடம் காத்திருந்தால் கதவைத் திறந்துகொண்டு நீங்களே வருவீர்கள். தலை முடியைக் கோதுவீர்கள், பெஞ்சைத் தேடுவீர்கள், திரையில் உங்களைக் காணாமல் குழம்புவீர்கள். அதை இந்தப் பக்கம் உட்கார்ந்து நீங்களே பார்ப்பீர்கள். ஆத்தூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, "ஏங்க, அது நானாங்க? இவ்வளவு மெதுவாவா நடக்கறேன்?" என்று கேட்டார். பிறகு திரையில் அந்த அம்மாள் உட்காரும்வரை தானும் நின்றுகொண்டே இருந்தார்.

என்னைப் பதிவு செய்து வைத்துக்கொள்வீர்களா?

மாட்டோம். கணினியின் நினைவகத்தில் 17 நிமிடத்துக்கான படங்கள் மட்டும் இருக்கும், நொடிக்கு 25 வீதம் 25,500 படங்கள். புதிய படம் ஒன்று வரும்போது பழையது ஒன்று அழியும். வன்தட்டு இல்லை, இணைய இணைப்பும் இல்லை. திரையில் வர விருப்பமில்லை என்றால் கதவுக்கு வலப்பக்கச் சுவரோரம் நில்லுங்கள், கேமராவுக்கு அந்த இடம் தெரியாது. தரையில் கோடு போட்டிருக்கிறோம்.

நடையில் கேட்கும் குரல்கள் யாருடையவை?

சேலத்திலும் மலையிலும் வாழ்கிறவர்கள். கடிகாரம் பார்க்காமல் நேரம் எப்படித் தெரிகிறது என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பதிவு செய்தோம். அம்மாபேட்டையில் ஒருவர், பக்கத்துத் தெருவில் தறிச் சத்தம் நின்றால் சாப்பாட்டு நேரம் என்கிறார். பூ மார்க்கெட்டில் வியாபாரம் செய்கிற அம்மா, மல்லி மொட்டு வாய் திறக்க ஆரம்பித்தால் அன்றைய விலை முடிந்தது என்கிறார். ஷிப்டு வேலைக்குப் போகிறவரின் மனைவி, தன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வாரமும் வேறு கிழமையில் வரும் என்கிறார். குழாயில் தண்ணீர் வரும் நாளை வைத்துக் கிழமை சொல்கிறார் ஒரு பாட்டி. காபித் தோட்டத்தில் வேலை செய்யும் பெண், வெயில் நாளில் சில்வர் ஓக் மரத்தின் நிழலையும் பனி நாளில் வயிற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

யாரும் நேரம் என்றால் என்ன என்று விளக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அவரவர் வேலையிலேயே ஒரு கடிகாரம் இருக்கிறது, அதைக் கேட்டாலே போதும் என்று பட்டது.

ராகு காலம், எமகண்டம் பற்றி ஏதாவது இருக்கிறதா?

தனி அறை இல்லை. ஆனால் முதல் அறைக்கு வெளியே ஒரு தினசரிக் காலண்டர் மாட்டியிருக்கிறோம், அதைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி வருகிறது. நம்பிக்கையைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்லவில்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன். பகலை எட்டுப் பங்காக்கி, கிழமைக்கு ஒரு பங்கை ராகு காலமாக எடுக்கிறார்கள். திங்களில் அது இரண்டாம் பங்கு, 7:30 முதல் 9 வரை. காலண்டரில் போடுவது காலை 6 மணிக்கு உதயம், மாலை 6 மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துக்கொண்ட கணக்கு. உண்மையான உதயத்திலிருந்து கணக்கிட்டால் தை மாதத்தில் சேலத்துக்கு அது அரை மணி நேரத்துக்கும் மேல் தள்ளிப் போகும். பழைய முறையில் பார்க்கிற ஜோசியர்கள் உதயத்தைக் கேட்டுவிட்டுத்தான் சொல்வார்கள். கடிகாரம் நம் பஞ்சாங்கத்துக்குள்ளும் நுழைந்து உட்கார்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

இதுபோல் வேறு யாரும் செய்திருக்கிறார்களா?

நிறையப் பேர். அவர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம்.

நான் முதலில் சொல்வது டெச்சிங் சியேவை. தைவானில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த கலைஞர். 1980 ஏப்ரல் 11 முதல் ஒரு வருடம், இரவு பகல் பாராமல் மணிக்கு ஒருமுறை, தொழிற்சாலைகளில் ஆள் வருகைக்கு அட்டை அடிக்கும் கடிகாரத்தில் அட்டை அடித்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார். ஒரு வருடத்துக்கு 8760 மணி நேரம், அதில் அவர் தவறவிட்டது 133. தொடங்கும்போது தலையை மொட்டையடித்துக்கொண்டார். எல்லாப் படங்களையும் சேர்த்து ஓட்டினால் சுமார் 6 நிமிடத்தில் அந்த முடி தோள்வரை வளர்கிறது. மணிக்கு ஒரு படம், நொடிக்கு 24 படம், ஆகவே அவர் திரையில் ஒரு நொடி ஒரு நாள். எங்கள் நாழிகைக் கணக்குக்குத் தூண்டுதல் அதுதான். ஒரு வருடம் முழுக்க, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தூங்காத ஒரு மனிதரை நினைத்துப் பாருங்கள். வேலை நேரம் என்பது உடம்பை என்ன செய்கிறது என்று அவரைப்போல் காட்டியவர் இல்லை என்பது என் எண்ணம்.

கிறிஸ்டியன் மார்க்லே 2010-ல் 24 மணி நேர வீடியோ ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். ஆயிரக்கணக்கான சினிமாக்களிலிருந்து கடிகாரம் தெரியும் துண்டுகளை எடுத்துக் கோத்தது. திரையில் தெரியும் மணிதான் பார்க்கிறவர் ஊரின் மணியும். அடுத்த ஆண்டு வெனிஸ் பினாலே கலைக் காட்சியில் தங்கச் சிங்க விருது அதற்குக் கிடைத்தது. எங்கள் மூன்றாவது அறைக்கு முன்னோடி அமெரிக்கரான டான் கிரஹாம். 1974-லேயே கண்ணாடியும் கேமராவும் வைத்துப் பார்வையாளரை 8 நொடி தாமதமாகக் காட்டினார். நம் நாட்டில், டெல்லியைச் சேர்ந்த ராக்ஸ் மீடியா கலெக்டிவ் என்ற கலைஞர் குழுவினர் 2009-ல் 27 கடிகாரங்களை வரிசையாக மாட்டினார்கள். அவற்றில் மணி எண்களுக்குப் பதில் கடமை, குற்றவுணர்வு, களைப்பு, பயம் போன்ற சொற்கள்தான் இருக்கும்.

எனக்குக் கலை புரியாது. வரலாமா?

வாருங்கள். நாளை அட்டவணை போட்டு வாழ்கிற எவருக்கும் இதற்கான தகுதி இருக்கிறது. கொலுசுப் பட்டறை வீடியோவில் யாரும் கவனிக்காத ஒரு விஷயத்தை, அவர் ஒவ்வொரு பத்துப் பன்னிரண்டு கண்ணிக்கும் ஒருமுறை கழுத்தை இடப்பக்கம் சாய்த்து நிமிர்வதை, முதலில் சொன்னவர் ஒரு தையற்காரர். அதே வலி அவருக்கும் உண்டாம்.

குழந்தைகள், முதியவர்கள்?

குழந்தைகள் தாராளமாக வரலாம். பேசினாலும் ஓடினாலும் பரவாயில்லை. மூன்றாவது அறை அவர்களுக்காகவே செய்ததுபோல் இருக்கும்: 17 நிமிடத்துக்குப் பிறகு வரப்போகிற தன்னைப் பார்த்துச் சிரிப்பதற்காக இப்போது டாட்டா காட்டிவிட்டுப் போய், ஓடிவந்து பார்ப்பார்கள். பள்ளியிலிருந்து வந்தால் பத்துப் பத்துப் பேராக அனுப்புங்கள்.

வாசலில் மூன்று படிகள் உண்டு, பின்பக்கம் சரிவுப் பாதை இருக்கிறது. சக்கர நாற்காலிக்கு அந்த வழி. இரண்டாவது அறையில் சாய்ந்து உட்காரும் நாற்காலிகள் போட்டிருக்கிறோம். ஒரு எச்சரிக்கை: முதல் அறையில் வெளிச்சம் வேகமாக மினுக்கும். வலிப்பு உள்ளவர்கள் அந்த அறையைத் தவிர்த்து, நடை வழியாக நேராக இரண்டாவதுக்குப் போங்கள்.

போன், கைக்கடிகாரம்?

வாசலில் ஒரு துணிப்பை தருவோம். போனையும் கடிகாரத்தையும் அதில் போட்டு நீங்களே வைத்துக்கொள்ளலாம், எங்களிடம் ஒப்படைக்க வேண்டாம். பூட்டும் இல்லை. அவசரம் என்றால் எடுக்கலாம். உள்ளே எந்தச் சுவரிலும் கடிகாரம் கிடையாது. வெளியே வந்தபின் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தோம் என்று ஊகித்துச் சொல்லிவிட்டு, பிறகு போனைப் பாருங்கள்.

கரண்ட் போனால்?

மழைக்காலத்தில் மலையில் போகத்தான் செய்யும். கரண்ட் வந்ததும் முதல் அறை மறுபடி நள்ளிரவிலிருந்து தொடங்கும். இரண்டாவது அறை வீடியோ விட்ட இடத்திலிருந்து தொடரும். மூன்றாவது அறையின் திரை மட்டும் 17 நிமிடம் இருட்டாகவே இருக்கும், ஏனென்றால் அதற்கு முந்தைய நினைவு எதுவும் இருக்காது. இன்வெர்ட்டர் ஏன் வைக்கவில்லை என்று கேட்கிறார்கள். விளக்குகளுக்கு இருக்கிறது. திரைகளை வேண்டுமென்றே சேர்க்கவில்லை.

எப்படி வருவது? கட்டணம் எவ்வளவு?

கட்டணம் இல்லை. சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், பஸ்கள் அடிக்கடி உண்டு. அடிவாரம் வழியாக வந்தால் 20 கொண்டை ஊசி வளைவுகள். தலைசுற்றல் வருகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். சொந்த வண்டியில் குப்பனூர் வழியாகவும் வரலாம். ஏற்காட்டில் ஏரிப் பக்கம் இறங்கினால் நடந்து வரும் தூரம்தான்.

பஸ்ஸில் வரும்போது சேலத்தைத் தாண்டும் முன் ஏற்காடு சாலையில் ஒரு வளைவு நிற்கும், பாருங்கள். மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில். 1930-களில் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டுடியோவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமும் 1956-ல் அங்கிருந்துதான் வந்தது. ஓடும் படத்தை உண்டாக்கிக் காட்டிய ஊர் இது. வீடியோ கலை என்றால் சென்னைக்கோ கொச்சிக்கோ போக வேண்டும் என்று நம் ஊர்ப் பிள்ளைகள் நினைப்பது எனக்கு வருத்தம். இங்கே வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏரி வீடியோபோல நாமே வீட்டில் எடுக்கலாமா?

கண்டிப்பாக எடுங்கள். போனில் உள்ள டைம்லாப்ஸ் வசதி பெரும்பாலும் தானே வேகத்தை முடிவு செய்துகொள்ளும், அது வேண்டாம். எத்தனை நொடிக்கு ஒரு படம் என்று நீங்களே குறிக்கக்கூடிய செயலி ஒன்றைப் போட்டு 60 என்று வையுங்கள். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் இரண்டு செங்கல் போதும், ஆனால் அசையக் கூடாது. சார்ஜர் செருகியே இருக்கட்டும். ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இருட்டும்போது கேமரா தேடித் தேடிப் படம் மங்கும். வெளிச்ச அளவைப் பூட்ட வேண்டாம், இரவில் ஒன்றும் தெரியாமல் போய்விடும். ஒரு படம் 3 எம்பி என்றால் மொத்தம் 4 ஜிபிக்கு மேல் வரும், இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சூரியன் நேராக லென்ஸில் விழாத திசையில் வையுங்கள்.

எதை எடுப்பது என்றால், அழகான காட்சியைத் தேடிப் போகாதீர்கள். சமையலறை மேடை, வீட்டு வாசல், மாடியில் துணிக்கொடி, தட்டுவடை செட் விற்கும் தெருமுனை வண்டி நிற்கும் இடம். மனிதர்கள் வந்துபோகும் இடமாக இருந்தால் அவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். சமையலறையை எடுத்து வந்த ஒருவர் வீடியோவில், 60 நொடியில் கிட்டத்தட்ட 20 நொடி ஒரே ஆள்தான் தெரிந்தார், அவருடைய அம்மா.

எடுத்த வீடியோவை உங்களிடம் கொடுக்கலாமா?

கொடுங்கள். வாசலுக்கு அருகில் ஒரு சின்னத் திரையில் பார்வையாளர்களின் நாட்களை அடுத்தடுத்து ஓட்டுகிறோம். முழு 24 மணி நேரம் இருக்க வேண்டும், நடுவில் வெட்டக் கூடாது, பாட்டு சேர்க்கக் கூடாது. பென் டிரைவில் கொண்டுவந்தால் அங்கேயே நகலெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். எந்த ஊர், எந்தத் தேதி என்று மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.